டெலெக்ஸ்ஃப்ரீ: பிரேசிலில் பூட்டிய கடை அமெரிக்காவில் ஓடிய பத்து மாதங்கள்

எதற்காக இந்த நிகழ்வு

எம்.எல்.எம். (ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் பல அடுக்கு விற்பனை) மோசடிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஏமாந்தவர்களின் பேராசையைப் பற்றியே பேசுகிறோம். நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் என்ன செய்தார்கள், எந்தத் தேதியில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது, அதன் பிறகும் ஏன் பணம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள் என்ற கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. இணையவழித் தொலைபேசிச் சேவை விற்ற டெலெக்ஸ்ஃப்ரீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழக்கில் இந்தக் கேள்விகளுக்கு நீதிமன்ற ஆவணங்களிலேயே பதில் இருக்கிறது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவனத்தின் பெயர் பொதுவெளியில் உள்ளது என்பதால் அதை அப்படியே சொல்கிறேன். ஆட்களின் பெயர்களைத் தவிர்த்து, அவரவர் வகித்த பொறுப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். இந்த வழக்கில் நான் முக்கியமாகக் கருதுவது ஒரு கால இடைவெளி. 2013 ஜூனில் பிரேசில் நீதிமன்றம் நிறுத்திய அதே திட்டத்தை அமெரிக்க அதிகாரிகள் நிறுத்தியது 2014 ஏப்ரலில். நடுவில் பத்து மாதங்கள். இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்க முடியும் என்றால், அது இந்தப் பத்து மாதங்களில்தான்.

பின்னணி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்ல்பரோ என்றொரு சிறு நகரம். பக்கத்திலேயே ஃபிரேமிங்ஹாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரேசிலில் இருந்து குடியேறியவர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். வீடு சுத்தம் செய்வது, பெயிண்ட் அடிப்பது, உணவக வேலை என்று உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இவர்களில் பலர். டொமினிகன் குடியரசில் இருந்து வந்தவர்களும் இந்த மாநிலத்தில் கணிசமாக உண்டு.

இங்கே 2002-இல் பதிவான ஒரு சிறு தொலைபேசி நிறுவனம், 2012 பிப்ரவரியில் தன் பெயரை டெலெக்ஸ்ஃப்ரீ என்று மாற்றிக்கொண்டது. அதை நடத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கர், இன்னொருவர் பிரேசிலில் பிறந்து மாசசூசெட்ஸில் குடியேறியவர். மூன்றாவது பங்குதாரர் பிரேசிலில் இருந்தார். எஸ்பிரிட்டோ சான்ட்டோ மாநிலத்தின் விட்டோரியா நகரில் இம்பாக்டஸ் என்ற பெயரில் பிரேசில் கிளையை அவர் கவனித்துக்கொண்டார். உறுப்பினர்களோடு வீடியோவில் அடிக்கடி பேசி, தைரியம் சொல்லும் முகமாகவும் அவரே இருந்தார்.

விற்ற பொருள் இணையவழித் தொலைபேசிச் சேவை. மாதம் 49.90 டாலர் கட்டினால் வெளிநாடுகளுக்கு அளவில்லாமல் பேசலாம். சேவை உண்மையிலேயே இருந்தது, ஃபோன் பேச முடிந்தது. ஊரில் இருக்கும் அம்மாவோடு பேச வேண்டும் என்பது குடியேறிகள் எல்லோருக்கும் உள்ள தேவை என்பதால், கேட்பவருக்கு நம்பிக்கை வருவதற்கு இந்தப் பொருள் உதவியது. ஆனால் 2012-இல் ஸ்கைப் போன்ற வழிகளில் காசில்லாமலே பேச முடிந்தது. ஐம்பது டாலர் கொடுத்து இதை வாங்க வெளியாட்கள் அதிகம் பேர் முன்வரவில்லை.

திட்டம் எப்படி ஓடியது

சேர்வதற்கு இரண்டு வழிகள். சிறிய திட்டத்தில் உறுப்பினர் கட்டணம் 50 டாலரும் சேர்த்து மொத்தம் 339 டாலர். பெரிய திட்டத்தில் 1,425 டாலர். சேர்ந்தவர் தினமும் இணையத்தில் விளம்பரம் போட வேண்டும். சிறிய திட்டத்தில் நாளுக்கு ஒன்று, பெரியதில் ஐந்து. அதற்கு நிறுவனம் வாரம் 20 டாலர் அல்லது 100 டாலர் தரும், 52 வாரங்களுக்கு. 339 கட்டியவருக்கு ஆண்டு முடிவில் 1,040 டாலர், 1,425 கட்டியவருக்கு 5,200 டாலர். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பைக்கூட விற்க வேண்டியதில்லை.

விளம்பர வேலை என்பது என்ன? வாசகத்தை நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். உறுப்பினர் அதை காப்பி செய்து, இலவச வரி விளம்பரத் தளம் ஒன்றில் பேஸ்ட் செய்து, அந்த இணைப்பைத் தன் கணக்கில் பதிய வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசகத்தை ஒரே தளங்களில் தினமும் ஒட்டினார்கள். அந்த விளம்பரங்களைப் படித்து யார் ஃபோன் இணைப்பு வாங்குவார்கள் என்று நிறுவனத்தில் யாரும் கவலைப்படவில்லை. வாராவாரம் வரும் காசை "சம்பளம்" என்று உறுப்பினர் தன் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு வேலை தேவைப்பட்டது. விளம்பரம் போடுவது அதற்குத்தான் பயன்பட்டது என்பது என் கருத்து.

இதற்கு மேல் ஆள் சேர்ப்பு. புதிதாக ஒருவரைச் சேர்த்தால் 20 அல்லது 100 டாலர் போனஸ், தனக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆள் வரிசை சேர்த்தால் ("லெக் கட்டினால்") மேலும் கமிஷன். நம் ஊரில் "ஐடி போட்டாச்சா?" என்று கேட்பார்களே, அதே முறைதான். ஒருவரே பல ஐடிக்கள் (உறுப்பினர் கணக்குகள்) போட்டுக்கொள்ளவும் தடை இல்லை. சேமிப்பு உள்ளவர்கள் தங்கள் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் ஐந்து, பத்து என்று போட்டார்கள்.

கணக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பெரிய திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 5,200 டாலர் தர வேண்டும். அந்தப் பணம் உண்மையிலேயே ஃபோன் விற்பனையில் இருந்து வர வேண்டும் என்றால் 104 மாதக் கட்டணங்கள் தேவை. அதாவது ஒவ்வொரு உறுப்பினருக்கும் பின்னால், ஆண்டு முழுக்க விடாமல் கட்டணம் கட்டும் ஒன்பது வாடிக்கையாளர்கள் இருக்க வேண்டும். அதுவும் நிறுவனம் தனக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ளாமல், தொலைபேசிச் செலவும் இல்லாமல் இருந்தால். வாடிக்கையாளர்கள் இல்லையென்றால் புதிதாகச் சேர்பவர்களின் பணத்தில் இருந்துதான் தர முடியும். ஒருவருக்குத் தர நான்கு பேர், அந்த நால்வருக்குத் தர பதினைந்து பேர், அவர்களுக்குத் தர ஐம்பதுக்கு மேல், அடுத்த சுற்றில் இருநூறு. கால்குலேட்டரில் இரண்டு நிமிடக் கணக்கு இது. நிறுவனத்தை நடத்தியவர்களுக்கு முதல் நாளிலேயே இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

பணம் வராமலே வளர்ந்த கடன்

வெளியில் அதிகம் பேசப்படாத, ஆனால் இந்த வழக்கின் உயிர்நாடியான ஒரு நடைமுறை உண்டு. வாராவாரம் வரும் 20 அல்லது 100 டாலர் முதலில் கையில் வராது. உறுப்பினரின் இணையக் கணக்கில் கிரெடிட்டாக ஏறும். அதைப் பணமாக எடுக்கலாம், அல்லது வேறொருவரின் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டப் பயன்படுத்தலாம்.

நடந்தது இதுதான். ஏற்கெனவே சேர்ந்த ஒருவரின் கணக்கில் 1,425 கிரெடிட் சேர்ந்திருக்கிறது. அவருடைய சர்ச்சுக்கு வரும் நண்பர் ஒருவர் சேர ஆசைப்படுகிறார். நண்பர் 1,425 டாலரை ரொக்கமாக இவர் கையில் கொடுக்கிறார். இவர் தன் கிரெடிட்டை வைத்து நண்பரின் கட்டணத்தை இணையத்தில் கட்டிவிடுகிறார். இவருக்கு ரொக்கம் கிடைத்துவிட்டது, நண்பருக்கு ஐடி கிடைத்துவிட்டது, இருவருக்கும் மகிழ்ச்சி.

நிறுவனத்தின் பக்கம் என்ன ஆனது? ஒரு டாலர்கூட உள்ளே வரவில்லை. 1,425 டாலர் பழைய கடன் தீர்ந்தது, அதற்குப் பதிலாக 5,200 டாலர் புதுக் கடன் ஏறியது. ஒவ்வொரு கைமாற்றிலும் கடன் பெருகியது, பணப்பெட்டி அப்படியே இருந்தது. பின்னர் திவால் நிர்வாகி கணக்கிட்டபோது, இத்தகைய கைமாற்றுகளையும் சேர்த்து மொத்தப் புழக்கம் 300 கோடி டாலருக்கு மேல் என்று தெரிந்தது. அதில் பெரும்பகுதி நிறுவனத்தின் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கவே இல்லை.

உறுப்பினரின் கண்ணோட்டத்தில் இந்த நடைமுறை நம்பிக்கையைக் கூட்டியது. "பணம் வருகிறதா?" என்று கேட்டால், "நேற்றுகூட 1,425 டாலர் வாங்கினேன்" என்று நேர்மையாகவே பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பணம் தன் நண்பரின் சேமிப்பு என்பதை அவர் அப்படிப் பார்க்கவில்லை.

2013 ஜூன்: பிரேசில் நிறுத்துகிறது

பிரேசிலின் வடமேற்கு மூலையில் உள்ள ஆக்ரி மாநிலத்தின் அரசு வழக்குத் தொடுநர்கள், தலைநகர் ரியோ பிராங்கோ நீதிமன்றத்தை அணுகினார்கள். 2013 ஜூனில் அந்த நீதிமன்றம் நாடு முழுவதுக்குமாக இடைக்கால உத்தரவு போட்டது. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, யாருக்கும் பணம் தரக் கூடாது, நிறுவனத்தின் சொத்துகள் முடக்கம்.

ஏன் அந்த வேகம்? வழக்கு முடியும்வரை காத்திருந்தால், சேரும் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு பாதிக்கப்பட்டவர். பணம் தருவதைத் தொடர அனுமதித்தால், முன்னால் வந்தவருக்குப் பின்னால் வந்தவரின் காசைக் கொடுப்பதற்கு நீதிமன்றமே துணைபோகும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உறுப்பினர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. பல நகரங்களில் தெருவில் இறங்கிப் போராடினார்கள், சாலைகளை மறித்தார்கள். தங்கள் வருமானத்தைக் கெடுத்தது நீதிமன்றம்தான் என்பது அவர்கள் எண்ணம். பணம் நின்ற நாளில் கோபம் நிறுவனத்தின் மீது போகாமல் நிறுத்தியவர் மீது போகிறது. இதை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். நிறுவனத்தை நடத்தியவர்கள் இந்தக் கோபத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

பத்து மாதங்கள்

பிரேசில் உத்தரவு வந்த அன்றே அமெரிக்காவில் இருந்த இரு நிறுவனர்களுக்கும் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. தங்கள் திட்டத்தை ஒரு நீதிமன்றம் பிரமிடு (பொருள் விற்பனையை விட்டு ஆள் சேர்ப்பையே நம்பி ஓடும் திட்டம்) என்று சந்தேகித்து நிறுத்திவிட்டது. மிகப் பெரிய ஆள் சேர்ப்புச் சந்தையும் கையை விட்டுப் போய்விட்டது. இந்த இடத்தில் அவர்கள் நிறுத்தியிருக்கலாம். அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் ஆள் சேர்ப்பை முடுக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் பெரிய விழா நடத்தினார்கள். எம்.எல்.எம். சட்டத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ள ஒரு வழக்கறிஞர் மேடையேறி, திட்டம் சட்டப்படியானது என்று கூட்டத்துக்கு உறுதியளித்தார். மேடையில் வக்கீல் சொன்னதற்கு அப்புறம், கீழே உட்கார்ந்திருக்கும் பெயிண்டருக்கு என்ன சந்தேகம் வரும்? 2014 தொடக்கத்தில் ரியோ டி ஜெனிரோவின் புகழ்பெற்ற கால்பந்துக் கிளப்பான போட்டாஃபோகோவுக்கு டெலெக்ஸ்ஃப்ரீ ஸ்பான்சர் ஆனது. தங்கள் நாடான பிரேசிலிலேயே இயங்கத் தடை உள்ள நிறுவனத்தின் பெயரை அணிந்து வீரர்கள் விளையாடினார்கள். இவ்வளவு பெரிய கிளப்பே வாங்கிக்கொண்டதே என்ற பேச்சு, ஆள் சேர்ப்பவர்களுக்கு வாயில் வைத்த சர்க்கரையாக இனித்தது.

வங்கிகள் மட்டும் கவனித்தன. பெரிய வங்கிகள் சில, கணக்குகளை மூடின. ஆனால் மூடியதோடு சரி. நிறுவனம் வேறு வங்கிக்குப் போனது. அதே மாநிலத்தில் ஒரு சிறு கூட்டுறவு வங்கி கணக்குத் திறந்து கொடுத்தது. அந்த வங்கியின் தலைவர், டெலெக்ஸ்ஃப்ரீ நிறுவனர்களில் ஒருவரின் சகோதரர். பின்னாளில் மாநிலத்தின் பங்குப் பத்திரப் பிரிவோடு அந்த வங்கி சமரசம் செய்துகொண்டு, மாநிலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 35 லட்சம் டாலர் கட்டியது.

இதே காலத்தில் நிறுவனத்தின் செயல்பாட்டுக் கணக்குகளில் இருந்து துணை நிறுவனங்களுக்கும் நிறுவனர்கள் உள்ளிட்ட தனிநபர்களுக்கும் பணம் நகர்ந்தது. கடைசிச் சில மாதங்களில் மட்டும் 3 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் இப்படி நகர்ந்ததாக அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் குற்றம் சாட்டியது. நிறுவனர்களின் எண்ணத்தை அறிய எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வியாபாரம் நிலைக்கும் என்று நம்புகிறவர் பணத்தைக் கம்பெனியில் வைப்பார்.

அதே ஆணையம் கண்டுபிடித்த இன்னொரு எண் இந்த வழக்கின் மையம். 2012 ஆகஸ்ட் முதல் 2014 மார்ச் வரை தொலைபேசிச் சேவை விற்பனையில் வந்தது சுமார் 13 லட்சம் டாலர். அதே காலத்தில் விளம்பரம் போட்ட உறுப்பினர்களுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது 110 கோடி டாலருக்கு மேல். கொடுக்க வேண்டிய நூறு டாலருக்கு, ஃபோன் விற்று வந்தது சுமார் 12 சென்ட்.

2014 மார்ச், ஏப்ரல்: சரிவு

மார்ச் 9 அன்று நிறுவனம் விதிகளை மாற்றியது. இனி விளம்பரம் போட்டால் மட்டும் போதாது, தொலைபேசி இணைப்பை உண்மையிலேயே விற்றால்தான் பணம். நேர்மையான நேரடி விற்பனை நிறுவனம் முதல் நாளே வைத்திருக்க வேண்டிய விதி இது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்ததும் பணம் எடுப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது. விற்க முடியாத பொருளை விற்கச் சொன்னால் வேறு என்ன நடக்கும்? ஏப்ரல் தொடக்கத்தில் உறுப்பினர்கள் மார்ல்பரோ அலுவலகத்தில் திரண்டார்கள். போலீஸ் வர வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மாசசூசெட்ஸில் இருந்து வெகுதூரத்தில் உள்ள நெவாடா மாநிலத்தில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி மனுப் போட்டது. கம்பெனியை நடத்திக்கொண்டே மறுசீரமைப்பு செய்யும் வகை மனு அது. கூடவே, உறுப்பினர்களோடு செய்த ஒப்பந்தங்களை ரத்து செய்ய அனுமதியும் கேட்டது. இதன் நோக்கம் வெளிப்படையானது. கொடுக்க வேண்டிய கடனை நீதிமன்றத்தின் வழியாகவே கழுவிவிட்டு, அதே ஆட்கள் அதே பெயரில் தொடர்வது.

மாநில அதிகாரிகளும் மத்திய அதிகாரிகளும் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 15 அன்று மாநிலப் பங்குப் பத்திரப் பிரிவு புகார் பதிந்தது. உலக அளவில் 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியதாகவும், மாசசூசெட்ஸ் மக்களிடம் இருந்து மட்டும் சுமார் 9 கோடி டாலர் என்றும் அதில் சொன்னது. பங்குப் பரிவர்த்தனை ஆணையம் பாஸ்டன் மத்திய நீதிமன்றத்தில் முத்திரையிட்ட உறையில் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்புக்குத் தெரிவதற்கு முன்பே சொத்துகளை முடக்கும் உத்தரவை வாங்கியது. நான்கு நிர்வாகிகளோடு ஆள் சேர்ப்பில் முன்னணியில் இருந்த நான்கு பேரையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே வாரம் விடை கிடைத்தது.

மத்திய அதிகாரிகள் மார்ல்பரோ அலுவலகத்தைச் சோதனையிட்டபோது, நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் ஒரு மடிக்கணினியோடும் பையோடும் வெளியேற முயன்றார். தடுத்து நிறுத்திப் பையைத் திறந்தார்கள். உள்ளே வங்கிக் காசோலைகள், மொத்தம் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் டாலர். பெரும்பாலானவை டெலெக்ஸ்ஃப்ரீயின் துணை நிறுவனங்கள் பெயரில். ஒன்று மட்டும் 20 லட்சம் டாலருக்கு, நிறுவனர்களில் ஒருவரின் மனைவி பெயரில். திவால் மனுவுக்கு இரண்டு நாள் முன்பு தேதியிட்டவை அவை.

பிரேசிலில் பிறந்த நிறுவனர் அதே நாள் இரவு காரில் கனடா எல்லையைக் கடந்தார். இரண்டு நாளில் டொரன்டோவில் இருந்து பிரேசிலுக்கு விமானம் ஏறிவிட்டார். அமெரிக்க நிறுவனர் மே மாதம் கைதானார்.

திவால் நிர்வாகியின் முடிவுகள்

வழக்கு மே மாதத்தில் நெவாடாவில் இருந்து மாசசூசெட்ஸுக்கு மாற்றப்பட்டது. ஜூனில் நிறுவனர்களின் கையில் இருந்து நிர்வாகத்தைப் பிடுங்கி, நீதிமன்றம் தனி நிர்வாகி ஒருவரை நியமித்தது. அவர் எடுத்த முடிவுகளில் மூன்று, இத்தகைய வழக்குகளைக் கையாளும் எவருக்கும் பாடமாக இருக்கும்.

முதலாவது, இது பான்சி (பின்னால் வந்தவரின் பணத்தை முன்னால் வந்தவருக்கு லாபமாகக் கொடுக்கும் மோசடி) மற்றும் பிரமிடுத் திட்டம் என்று நீதிமன்றமே அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். 2015 இறுதியில் அந்தத் தீர்ப்பு வந்தது. அது வந்த பிறகு, மீட்பு வழக்குகளில் ஒவ்வொரு முறையும் அடிப்படையில் இருந்து வாதாட வேண்டியதில்லை.

இரண்டாவது, இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்பது. உறுப்பினரின் திரையில் தெரிந்த கிரெடிட் எல்லாம் வெறும் எண்கள், அவை கணக்கில் சேராது என்றார். உண்மையில் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே இழப்பு. இதில் கைமாற்று ரொக்கத்தையும் சேர்த்தார். நண்பரிடம் கொடுத்த பணம் போட்டதாகவும், நண்பரிடம் வாங்கிய பணம் எடுத்ததாகவும் கொள்ளப்படும். அப்படிச் செய்யாமல் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வந்ததை மட்டும் எண்ணியிருந்தால், ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் எதையுமே இழக்காதவர்கள் ஆகியிருப்பார்கள். இந்த வழக்கிலேயே நியாயமான முடிவு இது என்பேன்.

சிக்கல் ரசீதில் வந்தது. சர்ச் வாசலில் கைமாறிய ரொக்கத்துக்கு என்ன ஆதாரம்? கைப்பற்றிய கணினிகளில் இருந்து உறுப்பினர் தரவுத்தளத்தை மீட்டு, அதைத்தான் ஆதாரமாக வைக்க வேண்டியிருந்தது. ஒருவரே பல ஐடிக்கள் போட்டிருந்ததால், பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்றவற்றை ஒப்பிட்டு எந்த ஐடிக்கள் ஒரே ஆளுடையவை என்று சேர்க்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், பல நாடுகளில். கோரிக்கைகளை இணைய வழியே வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மூன்றாவது, போட்டதைவிட அதிகம் எடுத்தவர்களிடம் இருந்து அதிகத்தைத் திரும்பக் கேட்டது. ஆயிரக்கணக்கானோரைத் தனித்தனியாக வழக்காட முடியாது என்பதால், எதிர்த்தரப்பினர் எல்லோரையும் ஒரே குழுவாகச் சேர்த்து வழக்கு நடத்தினார். ஐடிக்களைச் சேர்த்த முறை சரியில்லை என்று லாபம் பார்த்தவர்கள் ஆட்சேபித்தார்கள், அந்த வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சட்டப்படி சரியான நடவடிக்கைதான். ஆனால் இவர்களில் பலர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்துவிட்ட சாதாரண உழைப்பாளிகள். தாங்களும் ஏமாந்தவர்கள் என்றே நம்பியவர்கள். அவர்கள் வீட்டுக்கு நீதிமன்றத் தாள் வந்தபோது ஏற்பட்ட கலக்கத்தை நிறுவனர்களின் கணக்கிலேயே எழுத வேண்டும்.

குற்றவியல் முடிவு

அமெரிக்க நிறுவனர் 2016 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017 மார்ச்சில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை. ஏறத்தாழ 14 கோடி டாலரும் வேறு சொத்துகளும் அரசின் வசம் போயின. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப் பெரிய ஆதாரமாக இருந்தது இந்தத் தொகைதான்.

தப்பிப்போன நிறுவனரின் பணம் வேறு விதமாகச் சிக்கியது. 2017 ஜனவரியில், அமெரிக்காவில் விட்டுச் சென்ற ரொக்கத்தை வெளியே எடுக்க பிரேசிலில் இருந்து ஒருவர் வந்தார். மாசசூசெட்ஸின் ஹட்சன் நகரில் ஒரு பெட்டியில் 22 லட்சம் டாலரை ஒருவரிடம் கொடுத்தார். வாங்கியவர் அதிகாரிகளோடு ஒத்துழைத்துக்கொண்டிருந்தவர். கொடுத்தவரைப் பின்தொடர்ந்து வெஸ்ட்பரோவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போன அதிகாரிகள், கட்டிலின் மெத்தைக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் பெட்டிக்குள் நோட்டுக் கட்டுகள் அடுக்கியிருப்பதைக் கண்டார்கள். பெட்டியில் கொடுத்ததோடு சேர்த்து ஏறத்தாழ 2 கோடி டாலர். அந்த நிறுவனர் 2020-இல் பிரேசிலில் கைது செய்யப்பட்டார். அவரை நாடு கடத்துவது பற்றிய சட்டப் போராட்டம் அங்கே தொடர்ந்தது.

பிரேசிலில் ஆக்ரி நீதிமன்றம் 2015-இல் இறுதித் தீர்ப்பிலும் இதைப் பிரமிடு என்றே சொன்னது. 2013-இல் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று தெருவில் கத்தியவர்களுக்கு அதற்குள் நிலைமை புரிந்திருக்கும்.

எது மாற வேண்டும்

இந்த வழக்கைப் படித்துவிட்டு நான் கேட்கும் முதல் மாற்றம் நாடுகளுக்கு இடையிலானது. ஒரே பெயர், ஒரே திட்டம், ஒரே உரிமையாளர்கள். ஒரு நாட்டின் நீதிமன்றம் சேர்க்கையை நிறுத்தினால், மற்ற நாட்டு அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பொருள் விற்பனையில் இருந்து வருகிறது? அந்தக் கேள்வியை 2013 ஜூலையில் மார்ல்பரோவில் கேட்டிருந்தால், பதில் அன்றே கிடைத்திருக்கும். வங்கி அறிக்கையும் விற்பனைப் பதிவும் நிறுவனத்திடமே இருந்தன.

அடுத்து வங்கிகள். சந்தேகம் வந்ததும் கணக்கை மூடி வெளியே அனுப்பிவிடுவது அந்த வங்கிக்குப் பாதுகாப்பு, மக்களுக்கு அல்ல. மூடிய கணக்கு பக்கத்துத் தெருவில் திறந்தது. மூடியதற்கான காரணம் அதே வேகத்தில் ஒழுங்குமுறை அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும்.

ஆள் சேர்ப்பில் முன்னணியில் இருந்தவர்களையும் பிரதிவாதிகளாகச் சேர்த்தது நல்ல முன்னுதாரணம். நிறுவனரைக் குடும்பத்துக்குத் தெரியாது. சேர்த்துவிட்ட அண்ணனைத்தான் தெரியும். சர்ச்சிலோ சங்கத்திலோ நாலு பேர் மதிக்கும் அந்த நபர் இல்லாமல் எந்த நிறுவனரும் பத்து லட்சம் பேரை எட்ட முடியாது. நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் இத்தகைய திட்டங்களை நடத்துவதையும் பரப்புவதையும் அதில் சேர்ப்பதையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. நேரடி விற்பனைக்கென்று 2021-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்கின்றன. சட்டம் இருக்கிறது. பணம் நின்று, ஆட்கள் வாசலில் திரண்ட பிறகு அதை எடுத்துப் பயனில்லை. வாராவாரம் பணம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே அதைப் பயன்படுத்தும் துணிச்சலை ஆக்ரியின் வழக்குத் தொடுநர்கள் காட்டினார்கள்.

கடைசியாக, ஏற்கெனவே இப்படி ஏதாவது ஒன்றில் பணம் போட்டுவிட்டவர்களுக்கு. யாரிடம் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த ஐடிக்கு, உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் இணையக் கணக்கின் திரைப் படங்களையும் எடுத்து வையுங்கள். தளம் முடங்கிய பிறகு உள்ளே போக முடியாது. டெலெக்ஸ்ஃப்ரீயில் அதிகாரிகள் தரவுத்தளத்தைக் கைப்பற்றியதால் ஏமாந்தவர்கள் ஏதோ தப்பித்தார்கள், எல்லா வழக்கிலும் அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.